சீப்பு வைத்தால் பேகனா?

கேள்வி: இடைக்கால ஐரோப்பாவில் பிணத்தோடு நகை, சீப்பு, காசு எல்லாம் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். தலையை மேற்கே வைத்துக் கிடத்தியிருக்கிறார்கள். இதெல்லாம் பேகன் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய மதங்களின்) வழக்கம், ஞானஸ்நானம் வெறும் மேல்பூச்சு என்று ஒரு யூடியூப் வீடியோவில் சொன்னார்கள். உண்மைதானே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 'உண்மைதானே' என்று முடித்த பிறகு எனக்கு என்ன வேலை? இருந்தாலும் சொல்கிறேன்.

குழிக்குள் பொருள் இருந்தால் பேகன், வெறுங்குழி என்றால் கிறிஸ்தவர் என்று ஒரு காலத்தில் தொல்லியல்காரர்களே கணக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் எப்போதோ கைவிட்டதைத்தான் உங்கள் வீடியோக்காரர் பொறுக்கி எடுத்திருக்கிறார். லிண்டிஸ்ஃபார்ன் ஆயர் (பிஷப்) கத்பெர்ட் 687-ல் இறந்தார். வட இங்கிலாந்தின் பெரிய புனிதர். டர்ஹாம் பேராலயத்தில் அவருடைய சவப்பெட்டியை 1827-ல் திறந்தபோது உள்ளே செம்மணிக் கற்கள் பதித்த தங்கச் சிலுவை இருந்தது, கையடக்கப் பலிபீடம் இருந்தது, தந்தச் சீப்பும் இருந்தது. அந்தப் பெட்டியைக் காலங்காலமாகக் காத்தவர்கள் துறவிகளும் குருக்களும். அவர்களும் பேகன்களா? பாரிஸ் பக்கத்தில் செயின்ட் டெனி ஆலயத்துக்குள்ளேயே 1959-ல் ஒரு கல்லறை கிடைத்தது. அதில் இருந்தவர் ஃபிராங்க் அரசர் முதலாம் குளோத்தாரின் மனைவி அர்னெகுண்டே. விரலில் பெயர் பொறித்த மோதிரம், மேலே விலையுயர்ந்த நகைகள். புதைத்த இடமோ ஒரு புனிதரின் ஆலயம்!

குழியில் பொருள் வைக்கக் கூடாது என்று மேற்குத் திருச்சபை அந்த நூற்றாண்டுகளில் போட்ட பொதுச்சட்டம் எதுவும் நம் கைக்கு வரவில்லை. திருச்சபையின் பெரிய அறிஞர் புனித அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' நூலில் எழுதியதைப் பாருங்கள்: சவ அடக்கத்தின் ஆடம்பரமெல்லாம் இறந்தவருக்கு உதவி அல்ல, இருப்பவர்களுக்கு ஆறுதல். அவ்வளவுதான். தடுக்கவும் இல்லை, தலையில் தூக்கி வைக்கவும் இல்லை. தலை மேற்கே, கால் கிழக்கே என்பதற்கு, உயிர்த்தெழும்போது கிழக்கிலிருந்து வரும் கிறிஸ்துவைப் பார்த்து எழ வேண்டும் என்று விளக்கம் சொன்னார்கள். அதே திசையில் ரோமானிய பேகன்களும் புதைத்ததுண்டு. ஆக, திசையை வைத்து எந்தப் பக்கமும் வழக்காட முடியாது.

திருச்சபைக்கு எதுவுமே உறுத்தவில்லை என்று சொல்லவில்லை. அகுஸ்தீனின் தாய் மோனிக்கா மறைசாட்சிகளின் (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின்) கல்லறைகளுக்குக் கஞ்சியும் அப்பமும் திராட்சை ரசமும் கொண்டுபோவார். மிலான் ஆயர் அம்புரோஸ், இது பேகன்கள் மூதாதையருக்குச் செய்யும் சடங்கு மாதிரி இருக்கிறது என்று தடுத்தார். அந்த அம்மாளும் விட்டுவிட்டார். 785 வாக்கில் ஃபிராங்க் அரசர் சார்லமேன், தான் தோற்கடித்த சாக்சனியர்கள் மீது போட்ட சட்டம் இன்னும் கடுமை. பிணத்தை எரித்தால் மரண தண்டனை. கிறிஸ்தவ சாக்சனியர் உடலைப் பேகன்களின் பழைய புதைமேடுகளுக்குக் கொண்டுபோகாமல் ஆலயக் கல்லறைக்குத்தான் கொண்டுவர வேண்டும். தோற்ற மக்களை அடக்கி வைக்கிற அரசியலும் இதில் கலந்திருக்கிறது. பிணத்துக்குப் பக்கத்தில் சீப்பு இருந்ததா என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை.

காசு விஷயத்துக்கு வருவோம். ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரனுக்குக் கூலியாகப் பிணத்தின் வாயில் காசு வைப்பது கிரேக்க, ரோமானிய வழக்கம். கிறிஸ்தவர்களில் சிலர் அந்த வாயில் நற்கருணை அப்பத்தை (பூசையில் கிறிஸ்துவின் உடலாக ஏற்று உண்ணும் அப்பம்) வைத்தார்கள். 393-ல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவில் கூடிய ஆயர்கள் சங்கம் தடுத்தது. 692-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய துருல்லோ சங்கம் மறுபடியும் தடுத்தது. 'வாங்கி உண்ணுங்கள்' என்றுதான் பைபிளில் எழுதியிருக்கிறது, பிணத்தால் வாங்கவும் முடியாது உண்ணவும் முடியாது என்று காரணமும் சொன்னது. நல்ல வக்கீல் வாதம். ஆனால் இந்த இரண்டு தடைகளுக்கும் நடுவில், போப் மகா கிரகோரியார் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். ஓர் இளம் துறவியின் உடலைப் புதைக்கப் புதைக்க மண் வெளியே தள்ளியதாம். மடத்தலைவர் புனித பெனடிக்ட் நற்கருணையைக் கொடுத்து அதைப் பிணத்தின் மார்பில் வைக்கச் சொன்ன பிறகுதான் மண் ஏற்றுக்கொண்டதாம். சங்கம் கூடாது என்றதற்கு மிக நெருக்கமான ஒன்றைப் புனிதரே செய்ததாக ஒரு போப்பே எழுதுகிறார். இவர்களில் யாருடையது மேல்பூச்சு?

12-ஆம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பகுதியில் செத்தவன் ஒருவன் எழுந்து வந்து மனைவியைத் தொல்லை செய்வதாகப் புகார் வந்தது. நியூபர்க் வில்லியம் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். லிங்கன் ஆயர் ஹியூவைச் சுற்றியிருந்தவர்கள் உடலைத் தோண்டி எரிக்கச் சொன்னார்கள். ஹியூவுக்கு அது அநாகரிகமாகப் பட்டது. தன் கைப்பட ஒரு பாவமன்னிப்புக் கடிதம் எழுதி, குழியைத் திறந்து பிணத்தின் மார்பில் வைக்கச் சொன்னார். அதன் பிறகு தொல்லை இல்லையாம். அந்தக் கடிதம் பேகனா, கிறிஸ்தவமா என்று உங்கள் வீடியோக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.