காரில் சின்ன வேலைகளை நாமே செய்யலாமா, ஒர்க்‌ஷாப்பில் விடுவதா?

குளச்சல் பக்கம் வீடு, 9 வருடம் ஓடிய பெட்ரோல் கார். காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கிறது, வைப்பர் கண்ணாடியில் கோடு போடுகிறது, பிரேக் பிடித்தால் முன்பக்கம் கீச்சென்கிறது. இதில் எதை நானே பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வைப்பரையும், பேட்டரியில் ஒயர் மாட்டும் முனையான டெர்மினலையும் நீங்களே பாருங்கள். பிரேக்கைப் பிரிக்காதீர்கள்.

நான் பார்க்கும் கணக்கு இதுதான்: கை பிசகினால் வண்டி ஓடாமல் போகுமா, நிற்காமல் போகுமா? ஓடாமல் போனால் அன்றைக்கு பஸ்ஸில் போய்விடலாம், சாயங்காலம் மெக்கானிக் வந்து பார்ப்பார். நிற்காமல் போகிற வேலையில் இரண்டாம் தடவை கிடையாது. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், பெட்ரோல் லைன் எல்லாம் இந்த இரண்டாவது வகை. எவ்வளவு காசு மிச்சம் என்பதை இதற்குப் பிறகு யோசித்தால் போதும்.

யூடியூப் வீடியோக்கள் பல வெளிநாட்டுக்காரர்கள் போடுவது. அங்கே மெக்கானிக் கூலி மணிக் கணக்கில் எகிறும், அதனால் வீட்டு ஷெட்டிலேயே எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் அப்படி இல்லை. பிரேக் பேட் (பிரேக் பிடிக்கும்போது உரசித் தேய்கிற பாகம்) மாற்றுவதற்காக நல்ல ஜாக்கியும் ஸ்டாண்டும், போல்ட்டை அளவாக இறுக்குகிற டார்க் ரெஞ்சும் வாங்குகிற காசில் பல வருடக் கூலியைக் கொடுத்துவிடலாம். நாமே செய்வதில் எனக்குத் தெரிகிற லாபம் வேறு. அரை நாள் அலைச்சல் மிச்சம், வண்டிக்கு என்ன கோளாறு என்பதும் நமக்குப் புரிகிறது.

வைப்பர் பத்து நிமிட வேலை. டிரைவர் பக்கமும் மறுபக்கமும் பெரும்பாலான கார்களில் நீளம் வேறு, அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பிளேடைக் கழற்றும்போது கண்ணாடிமேல் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டுவிடுங்கள். பிளேடு இல்லாத கம்பி ஸ்பிரிங் வேகத்தில் வந்து அடித்தால் கண்ணாடி கீறும், விரிசலும் விடலாம். நமக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. இடையில் வெயிலில் ரப்பர் இறுகிவிடுகிறது. கோடு போடுகிற வைப்பரோடு ராத்திரி மழையில் ஓட்டுவது ஆபத்து, தள்ளிப்போடாதீர்கள்.

பேட்டரிக்கு வருவோம். கடலோரத்து வண்டிகளில் பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ பொடி பூத்திருக்கும். பேட்டரி ஆசிட் ஆவி போதாதென்று உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் பொடி கரண்டைத் தடுக்கும். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் இழுப்பதற்கு இது ஒரு காரணம். புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன் இதைத் துடைத்துப் பாருங்கள்.

என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது, பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பல வண்டிகளில் 10 ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும். மைனஸ் வண்டி பாடியோடு இணைந்திருப்பதால், அது மாட்டியிருக்கும்போது பிளஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய பொறி பறக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பச்சோடா கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். பேட்டரி மூடித் துளைக்குள் அந்தத் தண்ணீர் போய்விடக் கூடாது. துடைத்துக் காயவிட்டு, பிளஸை முதலில் மாட்டி மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். நன்றாக இறுக்கிவிட்டு மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் உப்புக் காற்று சீக்கிரம் அண்டாது. சிக்னலில் தானே அணைகிற ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளில் மைனஸ் முனையில் பெரும்பாலும் சென்சார் இருக்கும், அந்த வண்டிக்காரர்கள் மட்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடட்டும்.

வோல்ட் அளக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. என்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் கோளாறு பெரும்பாலும் பேட்டரியில் இல்லை, சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பார்க்க வேண்டும். அந்த வேலை எலக்ட்ரீஷியனுக்கு. ஆனால் அவரிடம் "செல்ஃப் எடுக்கலை அண்ணே" என்பதற்குப் பதில், "டெர்மினல் கிளீன் பண்ணிட்டேன், ஓடும்போது 12.3 தான் காட்டுது" என்று சொல்லிப் பாருங்கள். தேவையில்லாமல் புதுப் பேட்டரி வாங்குகிற செலவு அங்கேயே நிற்கும்.

இனி பிரேக். மழை பெய்த மறுநாள் காலை முதல் நாலைந்து மிதியில் மட்டும் சத்தம் வந்து பிறகு போய்விட்டால் அது வீலோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கில் ராத்திரி பிடித்த மேல்துரு, கவலை வேண்டாம். நாள் முழுக்கக் கீச்சென்றால் பேட் தேய்ந்திருக்கலாம். தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடவென்றே பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். வீல் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான். உங்கள் வேலை பார்ப்பதோடு முடிந்தது. மாற்றும்போது பேடை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும், ஆயில் வழியாமல் பார்க்க வேண்டும், போல்ட்டை அளவாக இறுக்க வேண்டும், வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வரவைக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் பிரேக் கைவிடலாம்; கடைசியாகச் சொன்னதை மறந்தால் முதல் மிதியில் பெடல் தரைக்குப் போகும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

மெக்கானிக் பக்கத்தில் நின்று பாருங்கள். சின்ன ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள். கழற்றிய பழைய பேடைக் கையில் வாங்கிப் பாருங்கள், பாகத்துக்கு பில் கேளுங்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்றும் அப்படியே விசாரியுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறினால் நீண்ட இறக்கத்தில் சூடாகி பிரேக் பிடிக்காமல் போகலாம். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

மூன்றில் பிரேக்கை முதலில் காட்டிவிடுங்கள். கீச்சுச் சத்தம் இரும்போடு இரும்பு அரைக்கிற சத்தமாக மாறிவிட்டால் ஒர்க்‌ஷாப் வரைக்கும்கூட ஓட்ட வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பேட் மாற்றுகிற வரை பேச்சிப்பாறை, கோதையாறு மலைப் பக்கம் ஏற வேண்டாம்.