வேலூர்ப் பக்கம் ஒரு சிறிய தனியார் பள்ளியில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவர நிர்வாகத்தை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

"ஓசியில் கிடைப்பது உருப்படியாக இருக்குமா?" என்று உங்கள் தாளாளர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இதே மாவட்டத்தில் கணினி ஆசிரியராக இருப்பதால் எனக்கும் பழகிய கேள்விதான் இது. மென்பொருள் விடுதலையைப் பற்றி, அதாவது கட்டற்ற மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமையைப் பற்றி விளக்கத் தொடங்கினால், "பார்க்கலாம் சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அதற்குப் பதிலாக அரசுப் பாடநூலை அவர் மேசையில் வையுங்கள். பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூல் ஓபன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளைக் கற்பிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பைத்தான் நிரல்மொழியில் நடக்கிறது. இரண்டும் கட்டற்றவை. தேர்வுக்கு வரும் பாடம் என்று தெரிந்த பின் தாளாளரின் குரல் மாறிவிடும்.

அடுத்தது பழைய கணினிகள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆய்வகத்தில் இருக்கும் பழைய இயந்திரங்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. 4 ஜிபி நினைவகம் இருந்தாலே லினக்ஸ் மின்ட் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தடையின்றி ஓடும். எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே அதை இயக்கிக் காட்டலாம் என்பதால், அவர் கண்ணெதிரே செய்து காட்டுவது நல்லது.

ஆனால் இந்த முயற்சிகள் பெரும்பாலும் முறிவது ஆய்வகத்தில் அல்ல, காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் அடிக்கும் வாரத்தில்தான். தமிழாசிரியரிடம் இருக்கும் பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும் வானவில், பாமினி போன்ற ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், திருக்குறள் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். பழி முழுவதும் லினக்ஸின் மேல் விழும். ஆகவே கோப்புகளை முன்கூட்டியே இலவச எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம் ஒருங்குறிக்கு மாற்றி, ஒற்றெழுத்துகளைச் சரிபார்த்துக் கொடுத்துவிடுங்கள். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு மட்டுமன்றித் தமிழ்த் தட்டச்சுப்பொறி அமைப்பும் கிடைக்கிறது. தட்டச்சுப் பயிலகத்தில் படித்து வந்தவர்கள் விரல் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இயங்குதளத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு பருவம் முழுவதும் ஓபன் ஆபீஸைப் போன்ற லிப்ரே ஆபீஸை ஆசிரியர்கள் விண்டோஸிலேயே பழக விடுவது இன்னும் நல்லது. கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் (2017 முதல் கைட் நிறுவனம்) பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவர முடிந்ததற்கு ஆசிரியர் பயிற்சியே முதற்காரணம் என்பது என் கருத்து.

மாணவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சின்ன வகுப்புகளுக்குப் படம் வரைய டக்ஸ் பெயின்ட்டும், விளையாட்டாகக் கற்க ஜிகாம்ப்ரியும் போதும். மேல் வகுப்பினருக்கு, இரவு வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியத்தைத் திறந்து, இருப்பிடமாக வேலூரைக் கொடுத்து, துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொல்லுங்கள். அது வடக்குத் தொடுவானத்துக்கு மேல் சுமார் 13 பாகையில் நிற்கும். அதாவது ஏறக்குறைய நம் ஊரின் அட்சரேகை. நீட்டிய கையின் மூடிய முட்டி அகலம் ஏறத்தாழ 10 பாகை என்று சொல்லிக்கொடுத்தால், வடக்கே மலை மறைக்காத மொட்டைமாடியிலிருந்து அன்றிரவே அவர்களால் அளந்து பார்க்க முடியும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தையும் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியையும் வைத்துக்கொண்டிருக்கும் பழைய வடாற்காட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கசக்காது.

"பழுதானால் யாரைக் கூப்பிடுவது?" என்று தாளாளர் நிச்சயம் கேட்பார். உங்களைத் தவிர இன்னோர் ஆசிரியருக்கும் நிறுவல் முறையைக் கற்றுக்கொடுத்து, அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் வேறு பள்ளிக்கு மாறிப் போனாலும் ஆய்வகம் நிற்காது. அச்சுப்பொறிக்கு லினக்ஸ் இயக்கி (டிரைவர்) கிடைக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். பள்ளி விவரங்களைப் பதிவு செய்யும் அரசின் எமிஸ் தளம் உலாவியில் இயங்குவதால் அதில் சிக்கல் வராது. டேலி கணக்கு மென்பொருள் ஓடும் கணக்காளரின் கணினியை மட்டும் இருக்கிறபடியே விட்டுவிடுங்கள். கட்டணக் கணக்கு ஒருநாள் நின்றாலும் தாளாளர் எல்லாவற்றையும் பழையபடி மாற்றச் சொல்லிவிடுவார்.