சிங்கப்பூரில் இருந்த செட்டியார் கிட்டங்கி என்பது என்ன? இப்போது இருக்கிறதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் "ஐயா கிட்டங்கியில் இருந்தவர்" என்று சொல்லாத பழைய வீடு குறைவு. சிங்கப்பூர் ஆற்றுக்குப் பக்கத்தில், மார்க்கெட் தெருவில் இருந்த நீளமான கடைவீடுகள்தாம் அவை. வட்டிக்கடையும் அதுவே, தங்குமிடமும் அதுவே. ஒவ்வொரு செட்டியாருக்கும் தரையில் கொஞ்சம் இடம், ஒரு அலமாரி, சாய்வான கணக்குப் பெட்டி. பகலில் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து கடன் கொடுப்பார்கள். இரவில் அதே இடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். சமையல் பொது. பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலை பார்த்துத் தொழில் பழகப் போனவர்கள் சின்னப் பிள்ளைகள், அதை நினைத்தால் மனசு கனக்கிறது. ஊரில் எழுந்த எத்தனையோ பெரிய வீடுகளுக்குப் பின்னால் இப்படிக் கடல்தாண்டிப் படுத்த பாய்கள் உண்டு.

அப்புறம் வங்கிகள் பெருகின, தொழில் சுருங்கியது. நகர மறுசீரமைப்பில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இடிபட்டன. இன்று அங்கே உயரமான அலுவலகக் கட்டடங்கள். 1859-இல் நகரத்தார், அதாவது இந்தச் செட்டியார்கள், கட்டிய டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் மட்டும் இருக்கிறது. தைப்பூசக் காவடி இன்றும் அங்கேதான் வந்து சேர்கிறது.