ஆர்கானிக், பசுமைப் பொருள்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சிங்கப்பூரின் ஜூரோங்கில் சோப்பு, சலவைத்தூள், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் நெடுநாள் வேலை பார்த்தவன் நான். அந்தத் துறைக்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றுக்குச் சுருக்கமாக. எந்த பிராண்டையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

செங்காங், இரண்டு பிள்ளைகளின் அம்மா: ஐயா, ஆர்கானிக் கீரை இரண்டு மடங்கு விலை விற்கிறது. பிள்ளைகளுக்காக அதைத்தான் வாங்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை அம்மா. ஆர்கானிக் என்பது பயிர் செய்த முறையைச் சொல்கிறது. ரசாயன உரம் போடுவதில்லை, பெரும்பாலான செயற்கைப் பூச்சிமருந்துகளும் கிடையாது. ஆனால் வேப்பங்கொட்டைச் சாறு, செம்பு சேர்ந்த பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து போன்றவற்றுக்கு அனுமதி உண்டு. மருந்தே படாத கீரை என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சாதாரணக் கீரையில் மருந்து எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் வரம்பு இருக்கிறது. சிங்கப்பூர் உணவு அமைப்பு மாதிரி எடுத்துச் சோதிக்கிறது. ஆர்கானிக் கட்டுப்படியாகவில்லை என்று கீரையையே குறைத்தால் அதுதான் பிள்ளைகளுக்கு நட்டம். தேக்கா சந்தையில் கிடைப்பதை வாங்கி, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசிச் சமையுங்கள்.

வாங்குவதென்றே முடிவு செய்தால், பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். இதை இன்றைக்குப் பல தடவை சொல்லப்போகிறேன். இங்கே ஓர் உணவுப்பொருளை ஆர்கானிக் என்று சொல்லி விற்க, கோடெக்ஸ் என்ற அனைத்துலக உணவுத்தர வழிகாட்டிக்கு ஒத்துவரும் சான்றிதழ் இருக்க வேண்டும். சான்று கொடுத்த அமைப்பின் பெயரைத் தேடுங்கள். அமெரிக்க வேளாண் துறையின் யூஎஸ்டிஏ முத்திரை இருந்தால், தண்ணீரும் உப்பும் நீங்கலாக 95 விழுக்காடாவது ஆர்கானிக். ‘ஆர்கானிக் பொருள்களால் செய்தது’ என்று மட்டும் எழுதியிருந்தால் 70 விழுக்காடே போதும், அந்த முத்திரையைப் போட முடியாது. ஐரோப்பாவுக்கு நட்சத்திரங்களால் ஆன இலை, ஜப்பானுக்கு ஜாஸ், இந்தியாவுக்கு ஜைவிக் பாரத். முன்பக்கத்தில் பெரிய எழுத்தும் பின்பக்கத்தில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பிடோக் வாசகர்: ஆர்கானிக் பழுப்பரிசியில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் இருக்காது, இல்லையா?

இருக்கும். அது மண்ணிலிருந்தும் பாசனத் தண்ணீரிலிருந்தும் நெல்லுக்குள் ஏறுகிறது, ஆர்கானிக் விவசாயம் அதைத் தடுக்காது. தவிட்டில்தான் அதிகம் தங்கும், அதனால் வெள்ளை அரிசியைவிடப் பழுப்பரிசியில் கூடுதல். பயந்து அரிசியை விட வேண்டாம். நம் வீடுகளில் முன்பு செய்ததுபோல நிறையத் தண்ணீர் வைத்துக் கஞ்சியை வடித்தால் கணிசமான பங்கு குறைகிறது. சில விட்டமின்களும் கஞ்சியோடு போய்விடும், அதைக் காய்கறியில் ஈடுகட்டலாம். ரைஸ் குக்கரில் தண்ணீர் வற்ற வைத்தால் இந்த நன்மை கிடைக்காது.

ஈசூன் வாசகி: சலவைத்தூளை விட்டுப் பூந்திக்கொட்டைக்கு மாறலாமா? பயோ என்சைம் வீட்டில் செய்வது நல்லதா?

இது என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். பூந்திக்கொட்டையில் சபோனின் இருக்கிறது, நுரை வருவது அதனால்தான். பட்டு, கம்பளி, லேசாக வியர்வை பட்ட துணி இவற்றுக்கு அருமையானது. ஆனால் காலர் அழுக்கு, குழம்பெண்ணெய்க் கறை, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை ஆகியவற்றுக்கு அதன் சக்தி போதாது. சலவைத்தூளில் உள்ள காரமும் நொதியும் அதில் இல்லை, வெள்ளைத் துணி நாளடைவில் மங்கும். காய்ச்சிய சாற்றில் கெடாமல் காக்கும் பொருள் கிடையாது. நம் வெயிலில் வெளியே வைத்தால் சீக்கிரம் புளித்து நாறும், ஃபிரிஜ்ஜில் வையுங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இங்கே வீட்டுக் கழிவுநீர் முழுவதும் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது, அதில் ஒரு பகுதி நியூவாட்டர் என்ற மறுசுத்திகரித்த தண்ணீராகத் திரும்பி வருகிறது. துணி துவைத்த தண்ணீர் நேராக ஆற்றில் கலக்கும் ஊர்களில் சலவைத்தூள் செய்யும் கேடு வேறு, இங்கே வேறு. அதனால் இந்த ஊரில் உங்கள் கையில் இருப்பது அளவு. பெரும்பாலோர் தேவைக்கு மேல் கொட்டுகிறார்கள். மூடியில் உள்ள கோட்டைப் பாருங்கள், குளிர்ந்த தண்ணீரில் துவையுங்கள், ரீஃபில் பை வாங்குங்கள். நூறு வகை ‘ஈகோ’ சலவைத்தூளைவிட இது பெரிய வேலை.

பயோ என்சைம்: பழத்தோல், வெல்லம், தண்ணீர் போட்டுப் புளிக்க வைப்பது. செய்யுங்கள், தரை துடைக்க நன்றாக இருக்கும். கண்ணாடி பாட்டிலில் வைக்காதீர்கள், வாயு அழுத்தத்தில் வெடிக்கும். பிளாஸ்டிக் பாட்டில், முதல் சில வாரம் தினமும் மூடியைத் திறந்து விடுங்கள். அப்புறம், அது ஓர் அமிலம். குளோராக்ஸ் போன்ற பிளீச்சோடு எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள். வினிகர், எலுமிச்சை, கழிவறைக் கறை நீக்கி எல்லாம் அப்படித்தான். கலந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சின்னதாக உள்ள வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து.

தெம்பனிஸ், பொங்கோல், உட்லண்ட்ஸ் வாசகர்கள்: எந்த ஷாம்பு உண்மையான ஆர்கானிக்?

பிராண்ட் சொல்ல மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். உணவுக்கு உள்ள ஆர்கானிக் விதி ஷாம்புவுக்குப் பொருந்தாது. காஸ்மாஸ் போன்ற தனியார் முத்திரை இருந்தால் யாரோ ஒருவர் சோதித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘தேங்காயிலிருந்து எடுத்தது’ என்ற வரியை மட்டும் நம்பாதீர்கள். பலர் பயப்படும் எஸ்எல்எஸ் என்ற நுரை தரும் ரசாயனத்தையும் தேங்காயெண்ணெயிலிருந்து செய்யலாம். பின்பக்கத்தைப் படியுங்கள்.

அங் மோ கியோ வாசகி: ‘நேச்சுரல்’ பாத்திரத் திரவத்துக்கு மாறியபின் கை அரிக்கிறது.

பின்பக்கத்தில் மீத்தைல்ஐசோதையசோலினோன் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வாமை தரும் பாதுகாப்புப் பொருள் அது. தோலில் தடவிவிடும் கிரீம்களில் ஐரோப்பாவில் தடை செய்திருக்கிறார்கள். ஆரஞ்சு, லாவெண்டர் எண்ணெய்களில் உள்ள லிமோனீன், லினலூலும் சிலருக்கு ஆகாது. கையுறை போடுங்கள், பாலிகிளினிக்கில் காட்டுங்கள். அரிப்புக்கு நான் மருந்து சொல்லக்கூடாது.

புக்கிட் பாத்தோக் தம்பி: குப்பை கட்ட மக்கும் பை வாங்குகிறேன். சரிதானே?

நல்ல மனசு தம்பி, ஆனால் இங்கே அந்தப் பைக்கு மக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. நாம் குப்பைக்குழாயில் போடுவது எரிஆலைக்குப் போகிறது. சாம்பல் புலாவ் செமாக்கா என்ற குப்பை நிரப்புத் தீவுக்குப் போகிறது, அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கு. மக்கும் பை பெரும்பாலும் ஏறக்குறைய 60 டிகிரியில் இயங்கும் உர ஆலைக்காகச் செய்தது. அது இல்லாத இடத்தில் சாதாரணப் பையைப் போலவே எரியும். ‘ஆக்சோ’ என்று போட்டிருப்பதை வாங்கவே வேண்டாம், அது பொடிப்பொடியாக உடையும் பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் தடை செய்தது. எந்தப் பசுமைப் பொருளை எடுத்தாலும் கேளுங்கள்: இந்த ஊரில் இது கடைசியில் எங்கே போகும்? வேறு நாட்டுக் குப்பை முறைக்குச் செய்த பொருளுக்கு நாம் ஏன் கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டும்?

பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். அந்தப் பையிலேயே குப்பையைக் கட்டுங்கள். புதிதாகப் பருத்திப் பைகளை வாங்கிக் குவிக்கவும் வேண்டாம்.

தோ பாயோ வாசகர்: பருத்திப் பை வேண்டாமா? தமிழ்நாட்டில் 2021-ல் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசாங்கமே இயக்கம் நடத்தியது. எங்கள் அப்பா மஞ்சப்பையோடுதான் கப்பலேறினார். நீங்கள் பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

இல்லை அண்ணே. குவிக்காதீர்கள் என்றுதான் சொன்னேன். டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பு 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால், மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகச் சாதாரணப் பருத்திப் பையை 52 முறை பயன்படுத்த வேண்டும், ஆர்கானிக் பருத்திப் பையை 149 முறை. எல்லாப் பாதிப்பும் சேர்த்தால் சாதாரணத்துக்கு 7,100, ஆர்கானிக்குக்கு 20,000 என்று போகிறது. ஆர்கானிக்குக் கூடுதல் வருவது, விளைச்சல் குறைவு என்று கணக்கிட்டதால். உங்கள் அப்பா ஒரே பையை எத்தனை வருடம் வைத்திருந்திருப்பார்! இன்றைக்கு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஒரு துணிப்பை கொடுக்கிறார்கள், அலமாரியில் கிடக்கிறது.

தோ பாயோ வாசகர், மறுபடியும்: அந்த ஆய்வில் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கைக் கணக்கில் எடுத்தார்களா? ஆமையின் வயிற்றில் மஞ்சப்பையா இருக்கிறது?

எடுக்கவில்லை. இது முக்கியமான கேள்வி. தெருவில் வீசும் பையின் கேடு அந்த எண்களுக்குள் இல்லை. 20,000 என்ற எண்ணும் ஓசோன் பாதிப்பு என்ற ஒரே வகையால் ஏறியது, அதை மட்டும் பிடித்துக்கொண்டு பருத்தியைத் திட்டுவது நியாயமில்லை. குப்பை தெருவிலும் வாய்க்காலிலும் சேரும் ஊரில் மஞ்சப்பைதான் சரி, 2019-ல் தமிழ்நாடு ஒருமுறைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது அந்தக் காரணத்துக்காகத்தான். பெரும்பாலான குப்பை எரிஆலைக்கே போய்ச் சேரும் சிங்கப்பூரில், கையில் இருக்கும் எந்தப் பையையும் கிழியும்வரை பயன்படுத்துவதே சரி.

குவீன்ஸ்டவுன் அக்கா, நடுவில் புகுந்து: பழைய சேலையில் தைத்த பைக்கு எத்தனை முறை, தம்பி?

அதுக்குக் கணக்கே வேண்டாம் அக்கா! புதிதாகப் பருத்தி விளைவிக்கவில்லை, நெய்யவில்லை, சாயம் போடவில்லை. இந்தச் சண்டைக்கு உங்களுடையதுதான் சிறந்த பதில். அண்ணனும் ஒத்துக்கொள்வார்.

சுவா சூ காங் வாசகர்: மூங்கில் தட்டு, மூங்கில் துணி?

முழு மூங்கிலைச் செதுக்கிச் செய்தது என்றால் நல்லது. மூங்கில் தூளை மெலமைன் என்ற பிளாஸ்டிக் பிசினோடு கலந்து அச்சிட்ட கிண்ணத்தில் சூடான சாம்பார் ஊற்றாதீர்கள், மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் கசியும். மூங்கில் துணி பெரும்பாலும் ரசாயனத்தில் கரைத்து எடுத்த விஸ்கோஸ் இழை. பின்பக்கத்தில் எழுதியிருக்கும்.

பாசிர் ரிஸ் வாசகர்: டிஷ்யூ வாங்கும்போது?

சிங்கப்பூர் சுற்றுப்புற மன்றத்தின் பச்சை லேபிள், அல்லது காட்டைப் பொறுப்பாகப் பராமரிப்பதற்கான எஃப்எஸ்சி முத்திரை. எஃப்எஸ்சியில் ‘ரீசைக்கிள்ட்’ என்று இருந்தால் இன்னும் நல்லது. சுமத்ராவில் கரிநிலம் எரிந்து 2013 ஜூன் 21-ல் இங்கே புகைமூட்டக் குறியீடு 401-ஐத் தொட்டது நினைவிருக்கும். மரக்கூழுக்கும் செம்பனைக்கும் (பாமாயில் தரும் பனை) காட்டை அழிப்பதோடு சேர்ந்த விஷயம் இது. கைக்குட்டை வைத்துக்கொண்டால் டிஷ்யூவே பாதியாகக் குறையும்.

செம்பவாங் வாசகர்: ‘ஈகோ’ கார் ஷாம்பு போட்டு வீவக கார்நிறுத்தத்தில் காரைக் கழுவலாமா?

வேண்டாம். கழிவறைத் தண்ணீர் ஆலைக்குப் போகிறது, சாலையோர வடிகால் நீர்த்தேக்கத்துக்கும் கடலுக்கும் போகிறது. தீவில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. எந்த ஷாம்புவானாலும் முறையான கழுவுமிடத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஹவ்காங் வாசகி: பேக்கிங் சோடாவும் வினிகரும் கலந்தால் ‘இயற்கை கிளீனர்’ என்கிறார்களே? கூடவே கொஞ்சம் பிளீச் சேர்த்தால்?

சோடாவும் வினிகரும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தனித்தனியாகப் போடுங்கள். பிளீச்சை வினிகரோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள், தங்கச்சி. மேலே ஈசூன் வாசகிக்குச் சொன்னதைப் படித்துவிட்டு வீட்டுப் பணிப்பெண்ணிடமும் சொல்லுங்கள்.

மறுபடியும் பொங்கோல்: அப்போ ஷாம்பு...

பின்பக்கம்.

கிளமெண்டி வாசகர்: நல்லெண்ணெய் பாட்டிலை நீல மறுசுழற்சித் தொட்டியில் போடலாமா?

போடலாம், எண்ணெய் போகக் கழுவியபின். நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு, உணவும் எண்ணெயும் பட்டதாலோ தவறான பொருள் என்பதாலோ வீணாகிறது. சோப்புத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி, கொட்டி, வடிய வைத்துப் போடுங்கள். எண்ணெய் ஊறிய அட்டைப்பெட்டி, டிஷ்யூ, வெள்ளை நுரைப்பெட்டி வேண்டாம்.