“நீங்களும் போயிடுவியளோ மிஸ்?”

அன்புள்ள அண்ணா,

யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தராகப் பொறுப்பேற்று எட்டு மாதம். மாதம் ஒருமுறை ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போகிறேன். சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்கள். போன மாதம் அவர்களில் ஒருத்தி, “நீங்களும் போயிடுவியளோ மிஸ்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் இல்லத்தில் வளர்ந்தவர். இவர்கள் எங்களிடம் எதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

போனால் போகட்டும் என்று நினைக்கிற ஆளிடம் ஒரு பிள்ளை அப்படிக் கேட்காது. முதலில் அதை மனதில் வையுங்கள்.

1995இல் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அப்பாவை இழந்தோம். ஊர் திரும்பிய பிறகு அம்மாவால் தனியே சமாளிக்க முடியவில்லை. நான் ஆண்பிள்ளைகள் இல்லத்தில், என் தங்கச்சி பெண்பிள்ளைகள் இல்லத்தில். (இல்லங்களில் இருக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். ‘அநாதைப் பிள்ளைகள்’ என்ற சொல்லை உங்கள் அலுவலகத்திலாவது யாரும் சொல்ல விடாதீர்கள்.) எங்களைப் பார்க்க ஒரு உத்தியோகத்தர் வருவார். நல்ல மனுசன். ஒருநாள், “வாற வெள்ளி தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வாறன்” என்றார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து, முகம் கழுவி, தலை இழுத்து, விறாந்தையில் இருந்தேன். விளக்கு வைக்கும்வரை இருந்தேன். அவர் வரவில்லை. வராததற்கு அந்த நாட்களில் ஆயிரம் காரணம் இருந்திருக்கும். ஆனால் அடுத்தமுறை வந்தபோது அப்படியொரு வெள்ளிக்கிழமை இருந்ததே அவருக்கு ஞாபகமில்லை. அன்றிலிருந்து நானும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

அதனால் சொன்ன நாளில் போங்கள். முடியாவிட்டால் இல்லத்துக்கு ஒரு கோல் எடுங்கள். பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு வைத்துவிடாமல், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு அவளிடமே சொல்லுங்கள்.

போவதற்கு முன் கோப்பை வாசியுங்கள். புதிதாக வந்த ஒவ்வொருவரும் “அப்பா எப்பிடிச் செத்தவர்?” என்று கேட்க, நான் எத்தனை தரம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க, “இஞ்ச ஏதும் பிரச்சினை இருக்கோ?” என்று கேட்காதீர்கள். எந்தப் பிள்ளை ‘ஓம்’ என்று சொல்லும்? வெளியில் மரத்தடியில் இருந்து கதையுங்கள். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் வெளிநாட்டுக் காசில் சாப்பாடு கொடுத்துப் படம் எடுக்கிறவர்களை அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்தவர்கள். நீங்கள் கொண்டுபோகிற பிஸ்கட் பெட்டியை விட, போன மாதம் அவள் சொன்ன கணக்குப் பாடத்தின் கதையை நீங்கள் மறக்காமல் கேட்பதுதான் அவளுக்குப் பெரிது.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். தன்னைப் பற்றிய முடிவுகளில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 12ஆம் உறுப்புரை. இல்லத்தில் விட்ட பிள்ளையின் நிலையைக் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்ய வேண்டும் என்கிறது 25ஆம் உறுப்புரை. சகோதரங்களைப் பிரிக்காமல் பார்க்கச் சொல்கின்றன பெற்றோரைப் பிரிந்து வளரும் பிள்ளைகளின் பராமரிப்புக்கான ஐ.நா.வின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டல்கள். ஆனால் அம்மாவிடம் எப்போது அனுப்புவார்கள், ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. எங்களைப் பற்றிய கூட்டம் அறைக்குள் நடக்கும்; நாங்கள் வெளியில் செருப்புகளை எண்ணிக்கொண்டு நிற்போம். அவளை உள்ளே கூப்பிடுங்கள்.

பதினாறு வயதில் இன்னொரு பயமும் இருக்கும்: பதினெட்டுக்குப் பிறகு எங்கே போவது? இங்கிலாந்தில் பராமரிப்பிலிருந்து வெளியேறும் இளையோருக்கு 25 வயதுவரை ஓர் ஆலோசகரின் துணை கிடைக்கச் சட்டம் இருக்கிறது. இங்கே அந்தத் துணை பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒருவரின் மனதைப் பொறுத்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றும் அவள் பெயரில் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள்.

அவளுடைய கேள்விக்கு ‘போகமாட்டேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு இடமாற்றம் வரும். “ஓம், ஒருநாள் போகவேண்டி வரும். வந்தால் நானே வந்து உன்னட்டச் சொல்லுவன். அடுத்து வாற மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு வந்து அறிமுகப்படுத்துவன்” என்று சொல்லுங்கள். பிறகு, அடுத்தமுறை எந்தக் கிழமை வருகிறீர்கள் என்பதை அவளுடைய கொப்பியிலேயே எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
அண்ணா