ஐந்து நாளில் கோவாவா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

மும்பையிலிருந்து கோவாவுக்குக் கொங்கண் கரையோரமாகச் சைக்கிளில் போனதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வரும் ஜனவரியில் நானும் என் மச்சானும் கிளம்பலாம் என்றிருக்கிறோம். ஈசிஆரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஒரே நாளில் 150 கி.மீ. சுலபமாக ஓட்டியவன் நான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் கால் ஊன்றாமல் ஏறியிருக்கிறேன். கொங்கண் கரையில் பெரிய மலையே இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் நாளைக்கு 120 கி.மீ. வைத்தால் ஐந்து நாளில் கோவா வந்துவிடுமே, நீங்கள் ஏன் ஒன்பது பத்து நாள் வேண்டும் என்கிறீர்கள்? தேசிய நெடுஞ்சாலை 66இல் போனால் இன்னும் சீக்கிரம் என்கிறார் மச்சான். வழி முழுக்கக் கடல் தெரியுமா என்றும் கேட்கிறார். அவர் இதுவரை நீண்ட பயணம் எதுவும் போனதில்லை. கூட்டிப் போகலாமா?

எஸ்., பொள்ளாச்சி

அன்புள்ள எஸ்.,

வால்பாறை ஏறியவருக்குக் கொங்கண் என்ன பெரிது என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் வால்பாறை ஒரே ஏற்றம். ஆழியாறில் கியரை இறக்கிவிட்டால் கொஞ்ச நேரத்தில் மூச்சும் காலும் ஒரு தாளத்துக்கு வந்துவிடும். அப்புறம் வேண்டியது பொறுமைதான். கொங்கணில் அந்தத் தாளம் அமையவே அமையாது. சஹ்யாத்ரியிலிருந்து (நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி) மேற்கே ஓடும் ஆறுகள் அந்தக் கரையைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டிருக்கின்றன. இரண்டு கழிமுகங்களுக்கு நடுவே ஒரு செம்புரைக்கல் மேடு. ஊர்கள் பெரும்பாலும் கீழே, தண்ணீர் ஓரமாக. மேட்டுக்கு ஏறி, சில கிலோமீட்டர் ஓட்டி, அடுத்த கழிமுகத்துக்கு இறங்கினால் எதிரே மறுபடி ஏற்றம். ஒவ்வொன்றும் நூறு, நூற்றைம்பது மீட்டர்தான். ஆனாலும் 70 கி.மீ. முடிப்பதற்குள் ஆயிரம் மீட்டர் சாதாரணமாகச் சேர்ந்துவிடும். இறக்கத்தில் கிடைத்த வேகத்தை வைத்து அடுத்த மேட்டில் பாதி ஏறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கீழே ஒரு குறுகிய பாலமோ, கோயில் முன்னால் ஒரு திருப்பமோ, சாலையில் உலர்த்திய மீனோ காத்திருக்கும். வேகம் முழுக்கப் பிரேக்கிலேயே போய்விடும்.

ரயில் வரைபடத்தைப் பார்த்தாலே அந்த மண்ணின் குணம் தெரியும். 1998இல் முழுதாகத் திறக்கப்பட்ட கொங்கண் ரயில் பாதையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். ரத்னகிரிக்குப் பக்கத்திலுள்ள கர்புடே சுரங்கம் மட்டும் ஆறரை கிலோமீட்டர். அவர்கள் குடைந்துகொண்டு போனார்கள், நாம் மேலே ஏறிப் போகிறோம்.

அதனால் கிலோமீட்டரை விடுங்கள், நாட்களைக் கழிமுகத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய கழிமுகங்கள் நான்கில் இன்னும் பாலமில்லை, ஆளையும் வண்டியையும் ஏற்றிப்போகும் ஃபெரிப் படகுதான்: அகர்தண்டா–திகி, பாக்மண்ட்லா–வேஸ்வி, தாபோள்–தோபாவே, தவ்சாள்–ஜெய்கட். பாலங்கள் கட்டத் திட்டம் இருக்கிறது. வந்துவிட்டால் இந்தப் பயணத்தின் நடை மாறிவிடும், அதற்கு முன் போய்விடுவது நல்லது. ஒரு ஃபெரியைத் தவறவிட்டால் அடுத்தது வரக் காத்திருக்க வேண்டும். கடைசி ஃபெரியைத் தவறவிட்டால் அன்றைக்கு அந்தக் கரைதான். தாபோளில் அப்படி மாட்டிக்கொண்டு சிப்ளூண் வழியாகச் சுற்றினால் மறுநாள் முழுக்கப் போய்விடும். எனவே ஃபெரித்துறைக்கு முந்தின ஊரிலோ தாண்டின ஊரிலோ தங்குகிற மாதிரி வையுங்கள். நாளுக்கு ஒரு பெரிய கழிமுகம் போதும். ஒன்பது நாள் என்று நான் சொன்னது இந்தக் கணக்கில்தான்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. படகின் முன்பலகை கரையில் இறங்கும் இடம் பாசி பிடித்த சிமெண்ட் சரிவு. சைக்கிளை ஏறி ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டே இறங்குங்கள். இறங்கினதும் எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். துறையை விட்டதும் ஏற்றம். முதல் கியரில் நீங்கள் தள்ளாடும்போது பின்னால் மினி லாரி புகை விடும். அவசரமே வேண்டாம். ஒரு டீயைக் குடித்துவிட்டு, அந்தக் கூட்டம் மேடேறிப் போனபின் கிளம்புங்கள். அடுத்த ஃபெரி வரும்வரை சாலை உங்களுடையது. (தோபாவே பக்கத்து அஞ்சன்வேலில்தான் தொண்ணூறுகளில் பேப்பரில் அடிக்கடி அடிபட்ட தாபோள் மின்நிலையம் இருக்கிறது. ஊர் ஒரு கரை, அதன் பெயரை எடுத்துக்கொண்ட மின்நிலையம் மறுகரை.)

நெடுஞ்சாலை 66 பற்றி மச்சான் சொன்னது தூரத்தில் சரி, மற்றதில் இல்லை. 2011இல் தொடங்கிய நான்கு வழிச்சாலை வேலை இழுத்துக்கொண்டே போன பாதை அது. லாரி, புழுதி, திடீர் மாற்றுப்பாதை. போதாதற்குக் கடலிலிருந்து வெகு உள்ளே ஓடுகிறது. அதில் போவதென்றால் பஸ்ஸிலேயே போகலாம்.

கரையோரப் பாதையிலும் வழி முழுக்கக் கடல் தெரியாது. மேட்டின் மேல் ஓட்டும்போது சுற்றிலும் முந்திரி, மாந்தோப்பு, செம்புரைக்கல் மதில், காய்ந்த புல். மழை போனபின் அங்கே தண்ணீரும் இல்லை, நிழலும் இல்லை, கடையும் இல்லை. பதினொரு மணிக்குமேல் கல்லே சூட்டைத் திருப்பி அடிக்கும். ஜனவரியிலும் அப்படித்தான். ஒவ்வொரு கழிமுகத்து ஊரிலும் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். கடல் எங்கே கண்ணை நிறைக்கும் என்றால், திவேஆகரிலிருந்து சேகாடி வழியாக ஸ்ரீவர்தன் போகும் பாதையில். அங்கே சாலையே அலையின் பக்கத்தில் ஓடுகிறது. அப்புறம் கணபதிபுலே தாண்டி ஆரே–வாரே. இரண்டு கடற்கரைகள் ஒரே பார்வையில் விழும் அந்த மேட்டில் நிற்காமல் போகிறவரை நான் பார்த்ததில்லை.

வடக்கிலிருந்து தெற்கே போவதே நல்லது. குளிர்காலத்தில் மதியத்துக்குமேல் கடற்காற்று வடமேற்கிலிருந்து வரும், முதுகைத் தள்ளிவிடும். இதில் ஒரு சின்ன நஷ்டம்: நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், கடல் வலப்பக்கம் இருக்கும். படம் எடுக்கச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும்.

ஹர்ணையில் ஒரு சாயங்காலத்தை ஒதுக்குங்கள். படகுகள் கொஞ்சம் தள்ளி நின்றுவிடும். மாட்டு வண்டிகள் மாட்டின் வயிறு நனையத் தண்ணீருக்குள் போய் மீன் கூடைகளை ஏற்றி வரும். மணலிலேயே ஏலம். எதிரே கடலுக்குள் சுவர்ணதுர்கக் கோட்டை. வஞ்சிரமும் வாவலும் நம் ஊர் விலைக்குப் பழகினவரை வயிறெரிய வைக்கும். ஆனால் சைக்கிளில் வந்தவன் வாங்கி என்ன செய்வது? பக்கத்தில் ஏதாவது ஒரு வீட்டுச் சாப்பாட்டு இடத்தில் வறுவலும், கோகம் என்ற புளிப்புப் பழமும் தேங்காய்ப்பாலும் கலந்த சோல்கடியும் கேளுங்கள்.

ரத்னகிரியில் பர்மாவின் கடைசி அரசர் தீபோவின் அரண்மனை இருக்கிறது. 1885இல் பிடிபட்டவரை வெள்ளைக்காரர்கள் முதலில் நம் மெட்ராஸில் சில மாதம் வைத்திருந்து, பிறகுதான் ரத்னகிரிக்குக் கொண்டுபோனார்கள். 1916இல் அங்கேயே இறந்தார். ரத்னகிரிக்குத் தெற்கே கஷேளியில் பாறைத் தரையில் செதுக்கிய பிரமாண்டமான யானை. அதன் உடம்புக்குள்ளே வேறு விலங்குகள். எவ்வளவு மொட்டையான மேடு என்று திட்டிக்கொண்டு ஓட்டினோமோ, அதே கல்லில்தான் யாரோ உட்கார்ந்து இதைச் செதுக்கியிருக்கிறார்கள். இந்தப் பகுதியின் பாறைச் செதுக்கல்கள் 2022இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. மால்வனுக்குத் தெற்கே ஏற்றங்கள் இரக்கம் காட்டும். தேரேகோலில் ஒரு கடைசி ஃபெரி, மறுகரை கேரி, கோவா.

சைக்கிளில் நீங்கள் பார்க்கவேண்டியது இரண்டே. பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 34 பல் உள்ள கேசட் (கியர்ச் சக்கர அடுக்கு), முன்னால் பெடலோடு சேர்ந்த சின்னப் பல்சக்கரம் அதைவிடப் பெரிதாக இல்லாதது. அப்புறம் புது பிரேக் கட்டைகள், கூடவே ஒரு ஜோடி பையில். செம்மண் தூள் படிந்த வளைவுகளில் இறங்கி இறங்கி அவை தேய்கிற வேகம் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

மச்சானைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அவரிடம் கோவா என்று சொல்லாதீர்கள், ரத்னகிரி என்று சொல்லுங்கள். கொங்கண் ரயில் நிலையங்கள் பலவும் கரையிலிருந்து மணிக்கணக்கில் ஏறிப் போகவேண்டிய தூரத்தில் உள்ளே இருப்பவை. நடுவழியில் கால் விட்டுப்போனால் மாங்காவ், கேட், சிப்ளூண் நிலையங்கள் எதுவும் பக்கத்தில் இல்லை. ரத்னகிரி நிலையம் மட்டும் ஊரிலிருந்து சில கிலோமீட்டரிலேயே இருக்கிறது. அதுவரை வந்தவர் மேலே வருவதா, சைக்கிளைப் பார்சலில் போட்டுவிட்டு ரயிலேறுவதா என்று அங்கே அவரே முடிவு செய்யட்டும்.