பழைய லேப்டாப்பில் எடை குறைந்த ஸ்டேட்டஸ் பார் நிறுவி அமைப்பது எப்படி? பாலிபார் போட்டேன், பேட்டரியும் ஐகான்களும் தெரியவில்லை.

கேள்வியின் விவரத்தில் நீங்கள் சொன்னது: லினக்ஸில் ஐ3 விண்டோ மேனேஜர் (விண்டோக்களைத் திரையில் அடுக்கும் நிரல்), அதன்மேல் பாலிபார் (நேரம், பேட்டரி போன்றவற்றைத் திரை ஓரத்தில் காட்டும் பட்டை). யாரோ பகிர்ந்திருந்த அழகான கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்பை) அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். பார் வருகிறது, ஆனால் பேட்டரி காணோம், ஐகான் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறுமை, லேப்டாப்பும் முன்பைவிடச் சூடாகிறது.

இந்த மூன்றும் எனக்கும் நடந்தன, ஒரே இரவில். அதனால் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த அழகான கான்ஃபிக்கை ஓரமாக எடுத்து வையுங்கள். அது அவருடைய மெஷினுக்காக எழுதியது. அவருடைய பேட்டரியின் பெயர், அவர் வைத்திருக்கும் ஃபாண்ட், அவருடைய வைஃபை கார்டின் பெயர் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கடிகாரம் மட்டும் ஓடுகிற ஒரு பாரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சேர்த்தால், எது உடைந்தது என்பது சேர்த்த அந்த நொடியே தெரிந்துவிடும்.

(கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே உச்சரிப்பாகவே தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

அதற்கும் முன்னால் ஒரு சந்தேகம். உங்களுக்குப் பாலிபார் தேவைதானா? ஐ3-யுடனேயே ஐ3பார் வருகிறது. அதற்குத் தகவல் கொடுக்க ஐ3ஸ்டேட்டஸ் என்று சின்ன நிரல் ஒன்று இருக்கிறது, சி மொழியில் எழுதியது. நேரம், பேட்டரி, வைஃபை, டிஸ்க்கில் மீதி இடம், இவ்வளவு போதும் என்றால் அதைவிட எடை குறைந்தது தேட வேண்டாம். அழகு சுமார்தான். பார் நெடுகப் பட்டை பட்டையாக, கிளிக் செய்தால் ஏதாவது நடக்க, ஐகானுடன் வேண்டும் என்றால்தான் பாலிபார். இன்னொன்று, பாலிபார் எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் மட்டும்தான் ஓடும். ஐ3-யும் எக்ஸ்11 என்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. நாளைக்கே ஸ்வே என்ற விண்டோ மேனேஜருக்கு மாறினால் அது வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பு, அங்கே வேபார் என்று வேறொன்றைப் பார்க்க வேண்டும்.

நிறுவுவதில் சொல்ல ஒன்றும் இல்லை. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் எல்லாவற்றின் களஞ்சியத்திலும் பாலிபார் என்ற பெயரிலேயே பேக்கேஜ் இருக்கிறது. டெபியன் என்றால் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பாலிபார்", அவ்வளவுதான். மூலக்குறியீட்டை இறக்கித் தொகுக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை விட்டுவிடலாம். 2016-இல் லெமன்படி என்ற பெயரில் இது தொடங்கிய காலத்துப் பழக்கம் அது.

நிறுவியதும் டெர்மினலில் வெறுமனே பாலிபார் என்று அடித்துப் பாருங்கள். 3.6 பதிப்பிலிருந்து, உங்களுக்கென்று கான்ஃபிக் இல்லாவிட்டால் ஈடிசி அடைவில் உள்ள மாதிரிக் கோப்பையே எடுத்துக்கொண்டு ஒரு பாரைக் காட்டும். (உங்கள் பழைய கோப்பு இன்னும் அதே இடத்தில் இருந்தால் அதைத்தான் படிக்கும். பெயரை மாற்றி வையுங்கள்.) அந்த மாதிரிக் கோப்பை உங்கள் ஹோமில் .கான்ஃபிக் அடைவுக்குள் பாலிபார் என்று ஓர் அடைவு போட்டு, அதில் கான்ஃபிக்.ஐஎன்ஐ என்ற பெயரில் நகலெடுங்கள். இனி தொடுவது இந்த நகலை மட்டும்.

கோப்பைத் திறந்தால் இரண்டு வகைப் பகுதிகள் கண்ணில் படும். பார்/ என்று தொடங்கும் பகுதியில் பாரின் உயரம், நிறம், ஃபாண்ட். மாட்யூல்/ என்று தொடங்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு துண்டுத் தகவல். மாட்யூலை எழுதினால் மட்டும் அது திரைக்கு வராது. பார் பகுதியில் மாட்யூல்ஸ்-லெஃப்ட், மாட்யூல்ஸ்-சென்டர், மாட்யூல்ஸ்-ரைட் என்ற மூன்று வரிகளில் ஏதாவது ஒன்றில் அதன் பெயர் இருக்க வேண்டும். அந்த மூன்றிலும் டேட் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பாலிபாரை -ஆர் சேர்த்து ஓட்டினால், கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் பார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஒரு பக்கம் எடிட்டர், ஒரு பக்கம் அந்த டெர்மினல். டெர்மினலை மட்டும் மூடாதீர்கள், பாலிபார் தன் குறைகளை அங்கேதான் சொல்லும்.

சரி, பேட்டரி. பிறர் பகிரும் கான்ஃபிக்குகளில் பெரும்பாலும் பிஏடி0 என்று இருக்கும். உங்கள் லேப்டாப்பில் அது பிஏடி1 ஆக இருக்கலாம். சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் பவர்_சப்ளை, அங்கே எல்எஸ் அடித்தால் உண்மைப் பெயர் தெரியும். சார்ஜருக்கும் அங்கேயே ஒரு பெயர் இருக்கும்: ஏசி, ஏடிபி1, இப்படி ஏதாவது. பேட்டரி என்ற வரியிலும் அடாப்டர் என்ற வரியிலும் அந்தப் பெயர்களை எழுத்துப் பிசகாமல் போட வேண்டும். தவறினால் பாலிபார் அந்த மாட்யூலை முடக்கிவிட்டு மற்றவற்றோடு சத்தமில்லாமல் ஓடும். டெர்மினலில் மட்டும் ஒரு வரி புலம்பியிருக்கும்.

நான் இரண்டு மணி நேரம் தொலைத்தது இங்கேதான், அதுவும் பெயரைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகு. பிஏடி1 என்று எழுதிவிட்டு, பின்னால் மறந்துவிடக் கூடாதே என்று அதே வரியில் அரைப்புள்ளி போட்டு "என் லேப்டாப்பில் இதுதான்" என்று குறிப்பும் எழுதி வைத்தேன். பாலிபாரில் குறிப்பு தனி வரியில்தான் இருக்க வேண்டும். வரியின் நடுவில் எழுதினால் அதையும் மதிப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். ஆக, "பிஏடி1 ; என் லேப்டாப்பில் இதுதான்" என்ற பெயரில் ஒரு பேட்டரியை அது தேடிக்கொண்டிருந்தது! கிடைக்குமா? உயரம், நிறம் எதற்கும் இதே கதைதான். வேறு நிரல்களின் பழக்கத்தில் கை தானாக எழுதிவிடும், கவனம்.

பேட்டரி பழசாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. என்னுடையது 97 சதவீதத்தைத் தாண்டாது. சார்ஜர் மாட்டியிருந்தால் எந்நேரமும் "சார்ஜ் ஆகிறது" என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஃபுல்-அட் என்ற வரியில் 96 என்று போட்டேன், அதோடு தீர்ந்தது.

வைஃபைக்கும் பெயர்தான் பிரச்சினை. பழைய கான்ஃபிக்குகளில் இருக்கும் டபிள்யூலான்0 பெரும்பாலும் உங்களிடம் இருக்காது, டபிள்யூஎல்பி3எஸ்0 மாதிரி ஏதாவது இருக்கும். "ஐபி லிங்க்" அடித்தால் தெரியும். 3.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் பெயரே வேண்டாம், இன்டர்ஃபேஸ்-டைப் என்ற வரியில் வயர்லெஸ் என்று போட்டால் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஐகான்களுக்கு வருவோம். நிறையப் பேரை ஓடவிடுவது இதுதான். இந்த ஐகான்கள் படங்கள் அல்ல, எழுத்துகள். நெர்ட் ஃபாண்ட், ஃபாண்ட் ஆசம் போன்ற ஃபாண்டுகளில் தனியாக ஒதுக்கிய எண்களில் உட்கார்ந்திருக்கும். பாலிபார் ஓர் எழுத்தைத் தேடுவது நீங்கள் ஃபாண்ட்-0, ஃபாண்ட்-1 என்று பட்டியல் போட்டுக் கொடுத்தவற்றில் மட்டும்தான். சிஸ்டம் முழுவதும் தேடித் தராது. எங்கேயும் கிடைக்காவிட்டால் அந்த எழுத்தைக் கைவிட்டு, இன்ன எண் கிடைக்கவில்லை என்று டெர்மினலில் எழுதும். வெறுமை வருவது இதனால்தான்.

நீங்கள் எழுதிய ஃபாண்ட் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பிழை என்று சொல்லாது. ஃபாண்டுகளைத் தேடித் தரும் ஃபாண்ட்கான்ஃபிக் அதற்கு நெருக்கமானது என்று தான் நினைக்கும் வேறொன்றைத் தூக்கிக் கொடுத்துவிடும். பாரை -எல் இன்ஃபோ சேர்த்து ஓட்டினால், எந்த ஃபாண்டை எந்தக் கோப்பிலிருந்து ஏற்றியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். நீங்கள் கேட்டதும் அது ஏற்றியதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சரியான பெயருக்கு எஃப்சி-லிஸ்ட் கட்டளை இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் சில ஐகான்கள் மட்டும் வரவில்லையா? கான்ஃபிக் எழுதிய வருடத்தைப் பாருங்கள். 2023-இல் வந்த நெர்ட் ஃபாண்ட் 3.0-இல் மெட்டீரியல் டிசைன் ஐகான்களைப் பழைய எண்களிலிருந்து எடுத்துப் புது எண்களுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பழைய எண்களில் ஒரு பகுதி யூனிகோடில் சீன எழுத்துகளுக்கு உரியது. அதனால், பட்டியலில் சீன எழுத்துகள் உள்ள ஃபாண்டும் இருந்தால், வைஃபை ஐகான் இருக்க வேண்டிய இடத்தில் சீன எழுத்து நிற்கும். மெஷினில் ஏதோ புகுந்துவிட்டது என்று பயந்தவர்களும் உண்டு. நெர்ட் ஃபாண்ட் தளத்தின் தேடலில் ஐகானைத் தேடி, புது எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் போதும்.

ஃபாண்ட் எண்ணிலும் ஒரு குழி இருக்கிறது. பட்டியலில் எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது. ஆனால் ஒரு லேபிளுக்கு இன்ன ஃபாண்ட் என்று சொல்லும்போது 1-இல் தொடங்குகிறது. ஃபாண்ட்-1 வேண்டுமென்றால் லேபிள்-ஃபாண்ட் என்பதில் 2 என்று எழுத வேண்டும். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். ஐகான் எழுத்தைவிட மேலேயோ கீழேயோ நின்றால், ஃபாண்ட் வரியின் கடைசியில் அரைப்புள்ளி போட்டு 2, 3 என்று எண் கொடுத்து நகர்த்தலாம். (ஆமாம், வரிக்குள் வரும் அரைப்புள்ளிக்கு இங்கே மட்டும் அர்த்தம் உண்டு.)

அப்புறம் அந்தச் சூடு. பாலிபாரே உள்ளே வைத்திருக்கும் மாட்யூல்கள் லேசானவை. நினைவகம், சிபியு போன்றவற்றுக்கு கெர்னல் தரும் கோப்புகளை நேராகப் படித்துக்கொள்ளும். கனம் கஸ்டம்/ஸ்கிரிப்ட் வகையில்தான். இன்டர்வல் 1 என்று ஒரு ஸ்கிரிப்ட் இருந்தால், ஒவ்வொரு நொடியும் ஒரு ஷெல் பிறந்து, அதற்குள் கிரெப், ஆக், கட் என்று நாலைந்து நிரல்கள் பிறந்து சாகும். இப்படி ஆறு ஸ்கிரிப்ட் என்றால் நொடிக்கு முப்பது நிரல்கள். சிபியு ஓய்வெடுக்கவே முடியாது. நீங்கள் எடுத்த கான்ஃபிக்கில் கஸ்டம்/ஸ்கிரிப்ட் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், விடை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்டேட் எத்தனை காத்திருக்கிறது என்று காட்டும் ஸ்கிரிப்டை நான் ஐந்து நொடிக்கு ஒருமுறை ஓடவிட்டிருந்தேன். பார்க்கவே வெட்கமாக இருந்தது. அதற்கு 3600 தாராளம். ஒலி அளவுக்கு உள்ளேயே பல்ஸ்ஆடியோ மாட்யூல் இருக்கும்போது ஸ்கிரிப்ட் எதற்கு? பாடலின் பெயர் போல எப்போது மாறும் என்று தெரியாதவற்றுக்கு, மாறும்போது மட்டும் ஒரு வரி எழுதும் ஸ்கிரிப்ட் வைத்து, டெயில் என்பதை ட்ரூ ஆக்குங்கள். ஒரே நிரல் பிறந்து அப்படியே காத்திருக்கும்.

கடைசியாகத் தானாகத் தொடங்க வைப்பது. ஐ3 கான்ஃபிக்கின் கடைசியில் பார் என்று ஒரு தொகுதி இருக்கும், அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பார் வரும். சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, முதலில் ஓடுகிற பாலிபாரைக் கில்ஆல் கொண்டு நிறுத்தி, அது முடியும்வரை காத்திருந்து, பிறகு புதிதாகத் தொடங்குங்கள். அந்த ஸ்கிரிப்டை எக்ஸெக்_ஆல்வேஸ் வரியில் கொடுத்து, சிஎச்மாட் செய்து ஓடும் அனுமதியும் கொடுங்கள். நிறுத்தும் வரியை விட்டுவிட்டால், ஐ3-யை மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு பார் கூடும். ஒருநாள் எனக்கு நான்கு பார்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

சிஸ்டம் ட்ரே (பின்னணியில் ஓடும் நிரல்களின் சின்ன ஐகான்கள் வரும் இடம்) 3.7-இலிருந்து தனி மாட்யூல். பழைய ட்ரே-பொசிஷன் வரியை நம்ப வேண்டாம். விண்டோக்கள் பாரின் அடியில் ஒளிந்துகொண்டால் ஓவர்ரைடு-ரீடைரக்ட் ட்ரூவாக இருக்கும், ஃபால்ஸ் ஆக்குங்கள். பின்னணி ஒளிபுகும்படி வேண்டுமானால் நிற எண்ணில் ஒளிபுகும் அளவு முன்னால் வர வேண்டும், சிஎஸ்எஸ்ஸில் போலப் பின்னால் அல்ல. பைக்காம் மாதிரி, விண்டோக்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்து காட்டும் ஒரு கம்பாசிட்டரும் ஓட வேண்டும். பழைய மெஷினில் அந்த ஆசை வேண்டாம் என்பேன்.

தமிழில் எழுதுகிறோம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாலிபார் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும், கோத்துக் காட்டத் தெரியாது. விண்டோ தலைப்பில் தமிழ் வந்தால் கு, து எல்லாம் உடையும், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் ஃபாண்டைப் பட்டியலில் சேர்த்தாலும் இது தீராது. ஐ3பாரும் வேபாரும் எழுத்தைக் கோத்துத் தரும் பாங்கோ என்ற நூலகத்தின் வழியாக எழுதுவதால் அங்கே ஒழுங்காக வரும். தெரியாமல் நான் லொக்கேலை (மொழி அமைப்பை) தமிழுக்கு மாற்றி, கிழமையைத் தமிழில் காட்டச் சொன்னேன். செவ்வாயில் கொம்பு இடம் மாறியது, வெள்ளியில் மறுபடியும் அதே கூத்து. திங்கள், வியாழன், சனி மட்டும் ஓரளவு பார்க்கும்படி இருந்தன. இப்போது தேதி வெறும் எண்ணில் ஓடுகிறது, பக்கத்தில் பேட்டரி, வைஃபை, ஒலி. விண்டோ தலைப்பை எடுத்துவிட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பேட்டரி வராவிட்டால், பவர்_சப்ளை அடைவில் என்ன இருக்கிறது என்பதையும் டெர்மினலில் வந்த வரிகளையும் கருத்தில் ஒட்டுங்கள், பார்க்கிறேன்.